நெறி கட்டாத கை

போன வாரம் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து ஒரு விஷயத்தை மிகுந்த உற்சாகத்தோடு விளக்கினார். சீழ் பிடித்த புண்ணில் அழற்சியைக் குறைக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை முன்கூட்டியே பழக்கி வைக்கலாமாம். கிருமியை முதலிலேயே அறிமுகப்படுத்திவிட்டால், அது நிஜமாக வரும்போது உடம்பு தறிகெட்டு எரியாமல் அளவோடு சண்டை போடுமாம். புத்தம் புதிய ஆராய்ச்சி என்றார். நான் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டேன். நல்ல பிள்ளை, அவர் முகத்துக்காக "அப்படியா" என்று சொல்லி வைத்தேன். இப்போது எல்லோரும் கூடியிருக்கும்போது சொல்கிறேன். காரைக்காலில் நாங்கள் இதைச் செய்திருக்கிறோம். செய்ததற்குத் திட்டும் வாங்கியிருக்கிறோம். திட்டியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் திருந்தவில்லை. நானும் திருந்தவில்லை.

எழுபதுகளில் எங்கள் ஊர் மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தேன். வீடு தருமபுரம், சைக்கிளை நாலு மிதி மிதித்தால் வார்டு. பெண் டாக்டர் என்றால் பிரசவ அறைக்குத்தான் என்று நினைத்திருந்த இடத்தில் நான் கத்தியைக் கையில் எடுத்தேன். அப்போதே பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காமல் போயிற்று. மீதிப் பேருக்குப் பிடிக்காமல் போனதற்கு என் வாய்தான் காரணம். அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

அங்கே ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் படித்து வேலைக்கு வந்தவர். ஊரே அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் 'ஐயா', என்றுதான் கூப்பிடும், பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. சரியான சிடுமூஞ்சி. எனக்கும் அவருக்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை. ஆனால் ஆறாத புண், திரும்பத் திரும்ப வரும் கட்டி என்று யாராவது வந்தால், அந்த நோயாளியின் சீழிலிருந்தே கிருமியை எடுத்து வளர்த்து, சூடு காட்டிக் கொன்று, அதையே துளித்துளியாகத் தோலுக்கடியில் போடக் கொடுப்பார். வாக்சின் என்பது அவருடைய பிரெஞ்சு வாயில் 'வக்ஸேன்'. செத்த கிருமியைக் காட்டி, உயிரோடு இருக்கும் கிருமிக்கு உடம்பைத் தயார் செய்கிற வேலை. முதல் ஊசிகளில் போட்ட இடம் கொஞ்சம் சிவக்கும், தடிக்கும். பிறகு மெல்ல மெல்ல, புண்ணைச் சுற்றியுள்ள வீக்கம் வற்றத் தொடங்கும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு. அந்தச் சிலர் போதும் எனக்கு.

ஒரு நாள் நான் ஊசியைப் போட்டுவிட்டுப் புண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்னால் வந்து நின்ற முசியே சொன்னார்: "புண்ணு உங்களுக்குப் பொய் சொல்லும் டாக்டர். ஊசி போட்ட எடத்தப் பாருங்க. உடம்பு முழிச்சிருக்கா தூங்குதான்னு அதுதான் சொல்லும்."

அவரிடம் நான் பெற்றுக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். ஓய்வு பெற்று அவர் போன பிறகு, வக்ஸேன் வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். பென்சிலினும் அதன் தம்பிகளும் வந்த பிறகு இது எதற்கு என்று கேட்டார்கள். பென்சிலினுக்கு மசியாத புண்களை வார்டுக்கு வந்து பாருங்கள் என்றேன். யாரும் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அறுவைப் பிரிவுக்குப் புதிய தலைமை மருத்துவர் வந்தார். வெளியூர்க்காரர். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். கத்தியைப் பிடித்தால் அத்தனை சுத்தமான கை, நோயாளி கண்ணெதிரே செத்துப்போவதைச் சகிக்காத மனசு. ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்தால் சிரித்துவிடுவார். என் மேஜைமேல் இருந்த வக்ஸேன் சீசாவை முதல் நாளே தூக்கிப் பார்த்தார்.

"இது என்னங்க டாக்டர், தாயத்தா?"

"ஆமாம் சார். உங்களுக்கும் ஒண்ணு கட்டிவிடவா?"

எங்கள் உறவு அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் காலத்தில்தான் வேம்பு வந்தாள்.

வேம்பு கோட்டுச்சேரிமேட்டுக்காரி. முப்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார், இரண்டு பெண் பிள்ளைகள். கடற்கரையில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து போய் மார்க்கெட்டில் விற்றால்தான் வீட்டில் உலை. கெளுத்தி மீனை ஆயும்போது முள் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. மீன்காரிக்கு அது புதிதல்ல, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறாள். கடுப்பு போய்விட்டது, புண் போகவில்லை. எங்களிடம் வந்தபோது சீழ் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வழி பண்ணி வைத்திருந்தது. திறந்துவிட்டோம், கழுவினோம், மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். சீழ் ஊறிக்கொண்டே இருந்தது. சர்க்கரை இல்லை, காசநோய் இல்லை. ஆளைப் பார்த்தால் முகம் உருண்டு, கன்னம் தளதளவென்று இருந்தது. "ஆஸ்பத்திரிச் சோத்துல நல்லா சதை போட்டுட்டா பாருங்க" என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். தலைமை மருத்துவரும் அவளைத் திடகாத்திரமான ஆள் என்றே சொன்னார்.

எலும்புக்குள் போய்விடும், அப்புறம் இரத்தத்தில் ஏறிவிடும் என்று அவர் பயந்தது நியாயமான பயம். ஒரு நாள் காலை வார்டில் அவளிடம் நேராகச் சொல்லிவிட்டார்.

"இதோ பாரும்மா. கைய வச்சிருந்தா உசுருக்கு ஆபத்து. மணிக்கட்டுக்கு மேல எடுத்துடணும்."

வேம்பு அழவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடுத்துட்டு என்னைய எங்க அனுப்புவீங்க?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்குப் போயி மீன எதால ஆயிறது? காலாலயா? எங்க ரெண்டு பொட்டப்புள்ளைக்கும் நீங்க சோறு போடுவீங்களா சொல்லுங்க, இப்பவே கைய நீட்டுறேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நோயாளி பதில் பேசிப் பழக்கமில்லாதவர். எனக்கோ அவளை அப்படியே கட்டியணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே வந்ததும், வக்ஸேன் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"சில ஊசி போட்டுக்குங்க. உடம்பு ஏதாவது பதில் சொன்னா பாப்போம். ஒண்ணுமே இல்லைன்னா லிஸ்ட்ல போட்டுடுவேன். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

சண்டைக்கு வரமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

அவள் சீழிலிருந்தே வக்ஸேன் தயாரானது. முதல் ஊசியை இடது மேற்கையில் போட்டேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், போட்ட இடமே தெரியவில்லை. அளவைக் கொஞ்சம் கூட்டி அடுத்ததைப் போட்டேன். கொசு கடித்தால் தடிக்கிற அளவுகூடத் தடிக்கவில்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான். சீழ் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. "பதில் வரலைங்க டாக்டர்" என்று தலைமை மருத்துவர் சொன்னார். இந்த முறை அவர் சிரிக்கக்கூட இல்லை, திங்கட்கிழமை அறுவைக்கு அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதில் வராதபோது கை தானாக அளவைக் கூட்டப் போகும். மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று மனசு சமாதானம் சொல்லும். அன்றைக்கு நான் சீசாவைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் இத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன், கொஞ்சமாவது சிவக்காத தோலை நான் பார்த்ததே கிடையாது. வக்ஸேன் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இந்தத் தோல் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கையோடு சேர்த்து என்னையும் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

வேம்புவின் பக்கத்துக் கட்டிலில் சுரக்குடியிலிருந்து வந்த ஓர் அம்மாள் இருந்தாள். அறுப்பில் அரிவாள் பட்டு விரலில் சின்ன வெட்டு, அது சீழ் வைத்துவிட்டது. அந்தம்மாள் அக்குளில் நெறி கட்டி, எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி, கையைத் தொங்கப்போட முடியாமல் அனத்திக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேம்பு கேலி செய்தாள்.

"இத்துனூண்டு வெட்டுக்கு இந்தக் கூப்பாடு போடுறீங்களே. என் கையப் பாருங்க. நான் மூச்சு விட்டனா?"

"ஒனக்கு வலிக்கலையா வேம்பு?" என்று கேட்டேன்.

"இல்லீங்க டாக்டரம்மா. மரத்துப் போச்சு."

நான் அவள் வலது கையைத் தூக்கி அக்குளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒரு பட்டாணி அளவுக்குக்கூட நெறி இல்லை. காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கையில் மணிக்கட்டு வரை சீழை வைத்துக்கொண்டு அக்குள் சுத்தமாக இருந்தால், அந்த உடம்பை யாரோ தூங்க வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறியா?"

"இல்லீங்க. நீங்க குடுக்குறதுதான்."

"நாட்டு மருந்து, லேகியம்?"

"எதுவும் இல்லீங்க. மாரியாத்தா மேல சத்தியம்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை ரொம்பவும் குழப்பியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து, கோயில் புடவையோடு நேராக வார்டுக்குப் போனேன். அந்த வேளையில் டாக்டர்கள் யாரும் அங்கே போவதில்லை. வேம்புவின் நாத்தனார் பூமயில் தூக்குவாளியில் டீ வாங்கி வந்திருந்தாள். அவளும் மீன்காரிதான், கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. பூமயில் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். வேம்பு அதிலிருந்து ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை வாயில் போட்டு டீயைக் குடித்தாள். பூமயிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். வெற்றிலை மாற்றிக்கொள்வது போல அத்தனை சாதாரணமாக நடந்தது.

"என்ன அது?" என்று கேட்டேன்.

வேம்பு திரும்பிப் பார்த்தாள். பதறவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"இதுங்களா? இது செட்டு மாத்திரைங்க."

"மருந்து எதுவும் சாப்பிடலேன்னு நேத்து சத்தியம் பண்ணியே?"

"இது மருந்து இல்லீங்க டாக்டரம்மா. அசதிக்குப் போடுறது. கூடை தூக்குறவுங்க எல்லாருமே காலையில டீயோட போட்டுக்குவோம். இல்லாட்டி இடுப்பு எழுந்திரிக்காது."

மார்க்கெட் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. உடம்பு வலி என்று போனால் கடைக்காரர் நாலைந்து மாத்திரையைச் சேர்த்து ஒரு செட்டாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அந்தச் செட்டில் அந்த வெள்ளை மாத்திரைதான் வேலை செய்கிறது என்று கண்டுகொண்டு, மீன்காரிகள் அதை மட்டும் தனியே கேட்டு வாங்கப் பழகிவிட்டார்கள். வேம்பு அதைப் புருஷன் போன நாளிலிருந்து போட்டுவருகிறாள். பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். உங்களுக்குப் புரிந்திருக்கும், ஸ்டீராய்டு, வலியையும் வீக்கத்தையும் அமுக்கி உடம்பின் எதிர்ப்பைத் தூங்க வைக்கிற மருந்து. உருண்ட முகம், தளதளவென்ற கன்னம், சிவக்காத தோல், வலிக்காத புண், நெறி கட்டாத அக்குள் எல்லாம் அந்தப் பொட்டலத்திலிருந்து வந்தவை. முகம் அப்படி உருண்டிருக்க, கை கால் மட்டும் குச்சியாக இருந்ததை நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். வேம்புமேல் இல்லை. ஒரு பெண் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட இடுப்பை நிமிர்த்த வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு வழி கிடைத்தது, எடுத்துக்கொண்டாள். அதை அவளுக்கு விற்றவர்மேல் வந்தது கோபம். அவள் கையை வெட்டக் காத்திருக்கும் மேஜைமேலும் வந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் தலைமை மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். பொட்டலத்தை அவர் மேஜைமேல் வைத்துச் சொன்னேன். அவர் கெட்டிக்காரர், பாதிச் சொல்லும்போதே புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார்.

"வருஷக்கணக்கா இதுக்குப் பழகின உடம்பு கத்தியைத் தாங்காது. இது தெரியாம ஆபரேஷன் மேஜைல போட்டிருந்தா பிரஷர் இறங்கிப் போய்ச் சேர்ந்திருப்பா."

"ஆமாம் சார்."

"சரி. இப்ப தெரிஞ்சுபோச்சு. அதுக்கு வேண்டிய ஊசியைப் போட்டுட்டு எடுத்துடலாம்."

"எதுக்கு எடுக்கணும்? புண்ணு ஏன் ஆறலேன்னு இப்பத்தான தெரிஞ்சிருக்கு. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறேன். உடம்பு முழிக்கட்டும். வக்ஸேனைத் திரும்ப ஆரம்பிக்கிறேன்."

"முழிக்கிறதுக்குள்ள சீழ் தோளுக்குப் போயிட்டா? அப்ப கை மட்டுமா போகும்? அவகிட்ட நீங்க போயி சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"பொறுப்பு யாருது?"

"என்னுது. எழுதி வேணும்னாலும் தரேன், வாயால வேணும்னாலும் தரேன். கைய மட்டும் தரமாட்டேன்."

அவர் என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து வார்டுக்கு நடந்தார், நானும் பின்னால் போனேன். ஊதா மருந்தில் பஞ்சை நனைத்து, வேம்புவின் முன்கையில், முழங்கைக்குக் கீழே, வளையல் போலச் சுற்றி ஒரு கோடு போட்டார். சிவப்போ வீக்கமோ இந்தக் கோட்டைத் தாண்டினால் அந்த நிமிஷமே கையை எடுத்துவிட வேண்டும், அப்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. அது நியாயமான நிபந்தனை என்று எனக்கே பட்டது. வேம்புவிடமும் இரண்டு பேருமாகச் சேர்ந்து மறைக்காமல் சொன்னோம். அவள் கோட்டைப் பார்த்தாள்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உங்களுக்கு. அப்புடித்தான?" என்றாள். "சரி, பாத்துடுவோம்."

மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவள் சுருண்டு விழுந்திருப்பாள். அளவைப் படிப்படியாக இறக்கினேன். கிருமிக்கான மருந்தையும் விடவில்லை, புண்ணைத் தினமும் என் கையாலேயே கழுவினேன். வக்ஸேனை மறுபடி அடிமட்டத்திலிருந்து தொடங்கினேன். வேம்பு பட்ட பாடு கொஞ்சமில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி, எழுந்து உட்காரச் சோம்பல், எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். "ஒரே ஒரு மாத்திரை குடுங்க டாக்டரம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினாள். கொடுக்கவில்லை என்றதும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். நானும் திருப்பித் திட்டினேன். சுரக்குடி அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள், அவள் கிறிஸ்தவளே இல்லை.

ஒரு நாள் காலை இடது மேற்கையில் ஊசி போட்ட இடத்தில் சிவப்பு. நாலணா அளவுக்கு இருக்கும், தொட்டால் கொஞ்சம் சூடு. எனக்கு வார்டு நடுவில் ஆட வேண்டும் போல இருந்தது. புண் இருந்த வலது கைப்பக்கம் அக்குளைத் தடவினேன். நெறி கட்டியிருந்தது.

"ஐயோ, கைய எடுங்க, உசுரு போவுது" என்று வேம்பு கத்தினாள்.

"வலிக்குதா?"

"வலிக்காம? புண்ணுந்தான் தெறிக்குது. ராத்திரியெல்லாம் ஒரே குத்தல்."

"நல்லா வலிக்கட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது.

ஆனால் தூங்கின உடம்பு முழிக்கும்போது நிதானமாக முழிப்பதில்லை. அடுத்த நாட்களில் கை முழுக்கச் சிவந்தது. மணிக்கட்டைத் தாண்டி, முன்கையில் ஏறி, சிவப்பு ஊதாக் கோட்டை நோக்கிப் போனது. காய்ச்சல் அடித்தது. நர்சுகள் என்னைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பூமயில் வாசலில் உட்கார்ந்து, நல்லா இருந்தவள மாத்திரைய நிறுத்திக் கொன்னுட்டாங்க என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள். இரண்டு பெண் பிள்ளைகளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நான் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. பயமாக இல்லையா என்று நீங்கள் கேட்டால், இருந்தது. என் ரோஷத்துக்கு அவள் உயிரை அடமானம் வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். நினைத்துவிட்டு மறுபடியும் போய்ப் புண்ணைக் கழுவினேன்.

தலைமை மருத்துவர் வந்து குனிந்து பார்த்தார்.

"தொட்டுடுச்சு."

"தொடலை சார்."

"டாக்டர், கோட்டுகிட்ட வந்துடுச்சு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"தாண்டினாத்தான் எடுக்கணும்னு சொன்னீங்க. தாண்டலை. நான் சொல்றதைக் கொஞ்சம் பாருங்க. சிவப்பு ஏறியிருக்கு, நாத்தம் போயிடுச்சு. சீழ் தண்ணியா வந்தது, இப்ப கெட்டியா, கொஞ்சமா வருது. காய்ச்சல் அடிக்குது, ஆனா சோறு கேக்குறா. கிருமி ஜெயிக்கிற உடம்பு சோறு கேக்குமா? இது கிருமி ஏறுற சிவப்பு இல்லை சார், உடம்பு சண்டைக்கு இறங்கி வர்ற சிவப்பு."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நாளைக்குக் காலையில நானே கத்தியைப் பிடிக்கிறேன்."

அவர் வேம்புவைப் பார்த்தார். "என்னம்மா சொல்றே?"

வேம்புவுக்குக் காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "கோடு நீங்க போட்டதுங்க" என்றாள். "போட்டுட்டு நீங்களே அழிக்கக் கூடாது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டு, மறுபடி வந்து அங்கேயே உட்கார்ந்தார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அன்று முழுக்கச் சிவப்பு அங்கேயே நின்றது. மறுநாள் காலை கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு விரல் வைக்கலாம் போல இடம் விட்டிருந்தது. அவர் தன் விரலை வைத்தே பார்த்தார். அதற்கப்புறம் சிவப்பு இறங்கிக்கொண்டே வந்தது. அடுத்தடுத்த வக்ஸேனுக்கு ஊசி போட்ட இடம் சிவந்து, அளவோடு நின்று, அடங்கியது. புண்ணைச் சுற்றிய வீக்கமும் கூடவே வற்றியது. உள்ளங்கையில் அடியிலிருந்து சதை வளர்ந்து மூடியது. சுண்டுவிரல் மட்டும் மடங்கினபடியே நின்றுவிட்டது, அதை நிமிர்த்த என்னால் முடியவில்லை.

வக்ஸேனால் ஆறியதா, மாத்திரையை விட்டதால் ஆறியதா, மருந்தும் கழுவலும் ஆற்றியதா என்று நீங்கள் கேட்பீர்கள். தலைமை மருத்துவரும் கேட்டார். தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தாயத்தை நான் போடாமல் இருந்திருந்தால், அந்த உடம்பு தூங்குகிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. வெட்டியிருப்போம், மேஜையிலேயே போயிருப்பாள், திடகாத்திரமான ஆள் திடீரென்று போய்விட்டாள் என்று பேசியிருப்போம். இதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. தலைமை மருத்துவர் என்னைப் பாராட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கைப் புண் வந்தாலும் முதலில் அக்குளைத் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். நீங்களும் தடவிப் பாருங்கள். நோயாளியிடம் என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். காலையில் டீயோடு என்ன போட்டுக்கொள்கிறாய் என்றும் கேளுங்கள்.

வேம்பு மறுபடி மார்க்கெட்டுக்குப் போனாள். தலைமை மருத்துவர் அழிய அழிய மேலே போட்டுவந்த ஊதாக் கோடு கையில் அழிந்தும் அழியாமலும் இருந்தது. கொஞ்ச நாளில் எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் காலையில் மீன்காரிகள் வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள், கூடையோடு. முதல் ஆளாகப் பூமயில் நின்றாள். "வேம்பு சொல்லிச்சு, சட்டுனு நிறுத்தக் கூடாதாம், உங்களாண்ட காட்டி நிறுத்தணுமாம்" என்றார்கள். இது ஆஸ்பத்திரியா மீன் மார்க்கெட்டா என்று தலைமை மருத்துவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டே பாதிப் பேரை அவரும் பார்த்தார்.

பிறகு ஒரு நாள் அந்த மருந்துக் கடைக்காரரே என்னைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, ரொம்பப் பணிவு.

"டாக்டரம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அந்த வேம்பு தெனமும் என் கடைப் படிக்கட்டுல கூடைய எறக்கி உக்காந்துடுது. மீனு விக்கிறேங்குது. மாத்திரைக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட எல்லாம் மடங்குன விரலக் காட்டுது, கோடு போட்டிருந்த எடத்தக் காட்டுது. அதோட நிக்கல, கையத் தூக்கு, நெறி இருக்கான்னு பாப்போம்னு நடுரோட்டுல அக்குளத் தடவுது. என் யாவாரமே படுத்துப் போச்சு. நீங்க வைத்தியம் பாத்த ஆளு, நீங்க சொன்னா கேக்கும். வேற எடம் பாத்துப் போவச் சொல்லுங்க."

"நான் அவளுக்குக் கையை மட்டும்தான் காப்பாத்திக் குடுத்தேன்" என்றேன். "அதை எங்க கொண்டுபோய் வைக்கணும்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்லைங்க."